பதினாலாவது வளைவு

எங்கள் காலேஜ் பிள்ளைகளைப் பற்றி
சேலத்தில் எல்லோருக்கும் தெரியும்.
தோளில் கிடார், வெயிலிலும் ஹூடி,
தும்மினால்கூட இங்கிலீஷில்தானாம்.
புது பஸ் ஸ்டாண்டுப் பழக்கடைக்காரர்
அடையாள அட்டையின் கயிற்றைப் பார்த்ததும்
கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றுவார்.
எனக்கும் ஏற்றினார்.
கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

முதல் வாரம்
வட்டமாக உட்காரவைத்து அறிமுகம்.
பெயர், ஊர், அப்புறம்
ஏற்காடு ஏறும்போது எந்த வளைவில் வாந்தி எடுத்தாய்.
இருபது வளைவு, அறுபது பிள்ளைகள்.
திருச்சி ஷெரின் ஒன்பதில்.
கோயம்புத்தூர் மிருணாளினி ஆறிலும் பதினெட்டிலும்,
அதற்குக் கைதட்டல்.
ஒருத்தி கண்டக்டர் மேலேயே.

நான் ஏறி வரவில்லை.
நாகலூர்ப் பக்கமிருந்து
காப்பி மூட்டை ஏற்றப் போகும் ஜீப்பில்
தொற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

"காவேரி. பதினாலு" என்றேன்.
"அங்கே குரங்குக் கூட்டம் இருக்குமே?"
"அதுங்க முன்னாடியேதான்."
சிரித்தார்கள்.
நகர்ந்து இடம் விட்டார்கள்.

ஹூடி வாங்கினேன்.
பிறந்ததிலிருந்து இந்தக் குளிரில்
வெறுங்கையோடு திரிந்த உடம்பு
அதற்குள் வியர்த்து ஊறியது.
மூட்டம் இறங்கினால் வகுப்பே ஜன்னலுக்கு ஓடும்.
நானும் ஓடி "ஐயோ, பாரேன்" என்பேன்,
மூன்று நாளாய்க் காயாத அம்மாவின் புடவை
கண்ணுக்குள் தொங்க.

சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியைக் காட்டி
"இது வெற்றிலையா?" என்றாள் ஷெரின்.
தெரியாது என்றேன்.
அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.
அந்தக் கொடிக்கு ஏணி பிடித்தவள் நான்.

பிப்ரவரியில் சேலத்தில் ஏதோ போட்டி.
பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள்.
மடியில் பிளாஸ்டிக் பை,
கையில் பாதி எலுமிச்சை.
இருபது, பத்தொன்பது என்று இறங்கினோம்.
பதினாறில் பாட்டு நின்றது.
பதினைந்தில் மிருணாளினி
என் முடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.
பதினாலில் எல்லா முகமும் என் பக்கம்.

வேறென்ன செய்ய?
தலையை வெளியே நீட்டி
இருமினேன். ஓங்கரித்தேன்.
காலையில் தின்ற இட்லி
இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.
முதுகில் ஒரு கை, மேலும் கீழுமாக.
எங்கள் வீட்டில் யாரும் இப்படித் தடவியதில்லை.
எங்களுக்கு வாந்தி வராது.

எதிரே ஏறிவந்த ஜீப்புக்கு
வழிவிட்டு பஸ் நின்றது.
ஸ்டியரிங்கில் சடையன் சித்தப்பா.
"அட, காவேரி! உனக்கா வாந்தி?
ஆட்டுக்குட்டியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு
மூட்டை மேல தூங்கிட்டு வருவியேடி!"
மலைக்கே கேட்டிருக்கும்.

முதுகில் கை நின்றது.
எடுக்கவில்லை, நின்றது.

பதிமூன்று.
"யாரு அது?"
"சித்தப்பா."
"அப்போ நீ... இந்த மலையேவா?"
தலையாட்டினேன்.
ஹூடிக்குள் வியர்வை ஒரு கோடாக இறங்கியது.
பன்னிரண்டு.
பிரேக் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது.
எலுமிச்சையை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தேன்.
பதினொன்றில் குரங்குகள் இல்லை,
பத்தில் ஒன்றே ஒன்று,
அதுவும் என்னையே பார்த்தது.

பின்சீட்டிலிருந்து ஷெரின் எட்டிப் பார்த்தாள்.
"அந்த ஆட்டுக்குட்டி
எந்த வளைவுல எடுத்துச்சு?"

எட்டு, என்றேன்.

அது நிஜம்.