இரண்டு-நாலு

பழைய ஜென். தொண்ணூற்றெட்டு மாடல்.
காற்றிழுக்கும் குழாய் வெடித்துவிட்டது.
ஜே.சி. ரோட்டில் நயாஸ் உதட்டைப் பிதுக்கினார்:
"அந்த பார்ட் வர்றதே இல்லம்மா.
வண்டியத் தள்ளிவிட்ருங்க."
தள்ளிவிட மனமில்லை.
தள்ளிக்கொண்டு போய்த்தான் பழக்கம்.

ஞாயிறு, லிங்கராஜபுரம்.
கோயில் மணி இரண்டாம் முறை அடித்தபோது
நான் பானெட்டுக்குள் தலைகீழாக இருந்தேன்.
டேப் இல்லை.
வளையலைக் கழற்றி வைத்து அளந்தேன்.
இரண்டு-நாலு. கச்சிதம்.
அதே வளையலோடு பிளம்பிங் கடையில் நின்று
"இது உள்ள நுழையணும்" என்றேன்.
முனிரத்தினம் வளையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"எத்தனை லிட்டர் டேங்க்?" என்றார்.

ஒன்றரை அடி பிவிசி, இரண்டு எல்போ,
வாஷிங் மெஷின் ரப்பர்க் குழாயில் ஒரு துண்டு.
தாங்கிப் பிடிக்க
யாருடையதோ பழைய நம்பர் பிளேட்டை வெட்டி மடித்த தகடு;
ஏழும் பாதி மூன்றும் இன்னும் தெரிகின்றன.
வாயைக் கீழே இறக்கினேன்,
பம்பருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண்,
இன்ஜின் புழுக்கம் எட்டாத இடம்.
குளிர்ந்த காற்று கனமானது.
கொஞ்சம் குடித்தாலும் வயிறு நிறையும்.

எனக்கு வேலை நுரையீரல் சோதனைக்கூடத்தில்.
"இழுங்க, இன்னும் இழுங்க, இப்ப ஊதுங்க"
நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன்.
வண்டியிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
முதல் மிதியிலேயே
அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல்.
மேம்பாலத்தில் ஏறி இறங்கியதும்
நாத்தனார் ஜெசிந்தா சொன்னாள்:
"ஸ்பீடு அதே நாப்பத்தஞ்சுதான். சத்தம்தான் அறுபது."
இருக்கட்டும்.
இருபத்தாறு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த மூச்சு
இன்றுதான் காதில் விழுகிறது.

மே மாத மழை. ரயில்வே அடிப்பாலம்.
முன்னால் ஓர் ஆட்டோ
இறங்கி, தயங்கி, ஏறிவிட்டது.
பிரேக்கில் கால் வைத்தபடி
அந்த ஒரு சாணை நினைத்தேன்.

நமக்குப் புரையேறினால்
யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவார்கள்.
இன்ஜினுக்குப் புரையேறினால்
ராடு வளையும்.
ஒரு மடக்கு போதும்.

கம்பெனிக்காரன் அந்த வாயை ஏன்
மேலே, சூட்டுக்குள்ளேயே வைத்தான் என்று
அப்போது உறைத்தது.
மன்னிப்புக் கேட்க நேரமில்லை, பின்னால் பஸ் ஹாரன்.
இறங்கி பானெட்டைத் திறந்தேன்.
ஸ்க்ரூ டிரைவர் வீட்டில்.
ஒற்றை ரூபாய் நாணயத்தால் கிளிப்பைத் திருகி
கீழ் எல்போவை உருவியபோது விரல் சுட்டது,
சுட்ட இடத்திலேயே மழை விழுந்தது.

இப்போது அது சூட்டையே இழுக்கிறது.
குரல் கம்மிவிட்டது.
முதல் கியரில், ஆக்ஸிலேட்டரை விடாமல்,
இறங்குகிறேன்.
பக்கத்து சீட்டில் எல்போ சாய்ந்து கிடக்கிறது.
அதன் வாயிலிருந்து சீட் துணியில்
கொஞ்சம் கறுப்புத் தண்ணீர்,
ஒரு குல்மொஹர் இதழ்,
ஈசலின் ஒற்றைச் சிறகு.