நானூறு கிலோ

பிடிக்காத ஆபீசரை
தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்று என்பார்களே,
அந்தக் காடு எங்கள் மாவட்டம்.
இங்கே உட்கார்ந்து,
இதைவிடவும் தண்ணியில்லாத ஓரிடத்துக்கு
தண்ணீர்க் கணக்குப் போடுகிறேன்.
ஆளுக்கு ஆறு லிட்டர். நாலு பேர். ஒரு பகல்.
ஐஸ் கம்பெனி ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்.

கூனித்தீவு
கீழக்கரை மொட்டை மாடியிலிருந்து
கண்ணைச் சுருக்கினால் தெரியும்;
சுருக்காவிட்டால் அதுவும் கடல்தான்.
உலகத்துத் தீவுகளை எண்ணிக்கொண்டே
வயதாகிற ஒரு கூட்டம் இருக்கிறது.
அவர்கள் பட்டியலில் இதற்கு நேரே
இன்னும் ஒருவரும் டிக் அடிக்கவில்லை.
எட்டு மாதமாக எனக்குத் தூக்கம் கெட்டது
அந்த ஒரு கட்டத்தால்.

வனத்துறைக்கு ஏழு மனு.
"அங்க ஆளே கிடையாதே மேடம், யாரோட பேசப்போறீங்க?"
ஆள் இல்லாததால்தான் சார், என்றேன்.
அவர் பேனாவை மூடி வைத்தார்.

வந்தது அனுமதி.
காலை ஆறு முதல் மாலை ஆறு.
ஜெனரேட்டர் கூடாது. அடுப்பு கூடாது.
ஓரடிக்கு மேல் குழி கூடாது.
ஆமைத் தடம் கண்டால் அப்படியே திரும்ப வேண்டும்.
'இருட்டிய பிறகுதான்
பதினாலு மெகாஹெர்ட்ஸில் மேற்கு நன்றாகத் திறக்கும்'
என்று மனுவில் எழுதியிருந்தேன்.
அந்த வரிக்குக் கீழே பச்சை மையில் ஒரு கோடு,
ஓரத்தில் கேள்விக்குறி.

சரி, பகல்.
அலை தொடும் இடத்தில் கம்பை நட்டால்
உப்புத்தண்ணீரே பாதி வேலையைப் பார்க்கும் என்றான் ரில்வான்.
இழுத்துக் கட்ட தங்கூசி நரம்பு போதும்.
கோட்டைச்சாமி சார் விரலால் மேசையைத் தட்டினார்:
டா டி டா டிட், டா டா டி டா.
யாராவது இருக்கிறீர்களா, யாராவது.
தேநீர் கொண்டுவந்த பையன்
தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நின்றான்.

வல்லம் சீனி நைனாவுடையது.
"அங்கன போயி என்னத்தத்தேன் பேசுவீக?"
ஐம்பத்தொன்பது என்போம்.
அவர்களும் ஐம்பத்தொன்பது என்பார்கள்.
நன்றி சொல்லி, அடுத்த ஆள்.
"கிலோவுக்கா, கூடைக்கா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
அவர் செட்டில்
நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது,
யார் வலையை யார் அறுத்தது,
யார் இன்னும் திரும்பவில்லை.
சொல்ல ஒன்று இருந்தால்தான்
அந்தப் பொத்தானில் விரல் வைப்பார்.

பிறகு சொன்னார்:
"அன்னைக்குக் கடல் வத்து. பாரு மேல முழங்கால் தண்ணிதேன்.
எங்க ரெண்டு பேரத் தள்ளி நானூறு கிலோ.
அதுக்கு மேல ஒரு தேங்கா ஏத்தினாலும் அடி தட்டும்."

ஐஸ் கட்டி நிறுக்கும் தராசில் ஒவ்வொருவராக ஏறினோம்.
ரில்வான் எழுபத்தொன்று.
கோட்டைச்சாமி சார் செருப்பைக் கழற்றியும் எண்பத்துநாலு.
தெய்வேந்திரன் அறுபத்தாறு.
நான் சொன்னது ஐம்பத்தைந்து,
தராசு சொன்னது ஐம்பத்தெட்டு.
பேட்டரி மூன்று, எண்பத்துநாலு.
செட்டு, கம்பு, கம்பி, நாற்பத்தொன்று.
தண்ணீர் இருபத்துநாலு.
சோறு, தார்ப்பாய், பதினாலு.

நானூற்று நாற்பத்திரண்டு.

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.
மூலையில் ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம்.
ஒரு பேட்டரியை இறக்கினால் மதியமே ஊமையாகிவிடுவோம்.
அப்படியும் பதினாலு கிலோ நிற்கும்.
கணக்கு எழுதுகிறவளுக்கு
விடை முதலில் தெரிந்துவிடுவதுதான் கஷ்டம்.

நான் இறங்கிக்கொள்கிறேன் என்றேன்.
என் தண்ணீரோடு சேர்த்து அறுபத்துநாலு கிலோ.
மிச்சம் இருபத்திரண்டு இருக்கிறதே என்று
கோட்டைச்சாமி சார் உடனே
ஒரு நாற்காலியும் குடையும் கேட்டார்.

அன்றைக்கு நான்
கம்பெனி மாடியில் இருப்பேன்.
தண்ணீர்த் தொட்டிக்கும் முருங்கைக்கும் நடுவே ஒரு கம்பி.
கூனித்தீவைக் கூப்பிடும் கும்பலில்
பின்லாந்துக்காரனோடும் ஒசாகாக்காரனோடும்
இடித்துக்கொண்டு நிற்பேன்,
எட்டு கிலோமீட்டர் தள்ளி.

"முதல் வரியில் உன்னைப் போட்டுவிடவா?" என்றான் ரில்வான்.
போடாதே. காதில் விழுந்தால் எழுது.

ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி
இருபத்துநாலை அடித்துப் பதினெட்டு ஆக்கினேன்.
முன்பக்கத்தில் யாருக்கோ
நாற்பது கட்டி ஐஸ்.
பாக்கி.