பக்கத்து அறை

நரம்பைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.
அயனாவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்.
காலை ஆறரைக்கெல்லாம்
வெறும் வயிற்றோடு வந்து உட்காருவார்கள்.
அன்று ஒரு பெரியவரின் கையில்
மூன்று முறை குத்தினேன். மூன்றும் தவறியது.
"பரவால்லம்மா, எனக்குத் தோல் கெட்டி" என்றார்.
தோல் இல்லை ஐயா,
முந்தைய இரவு.

முதலில் போனது கீழ்ப்பாக்கம்.
ஏசி அறை, வட்டமாக நாற்காலிகள்,
எல்லோரும் அழகான ஆங்கிலத்தில் அழுதார்கள்.
என்னுடையது தமிழ்க் குடி.
மனசுக்குள் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள்
பிஸ்கட் தட்டு வந்துவிட்டது.

அடுத்தது கொளத்தூர், மாலை ஏழு மணி.
அந்த ஏழு மணியை யார் தேர்ந்தெடுத்தார்களோ.
நிறுத்தத்தில் இறங்கி நடக்கிற தூரம்தான்,
நடுவில் ஒரு டாஸ்மாக்.
அதுவரை கடைப்பக்கம் நான் போனதே இல்லை,
ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தால்
கேள்வி கேட்காத ஆட்டோ அண்ணன் இருந்தார்.
அன்று வாசல்வரை போனேன்.
எந்த வாசல் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது பெரம்பூர்.
ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்,
ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு.
கதவருகே இருந்தவர் நல்ல மனிதர்,
பதினோரு வருடமாகத் தொடாதவராம்.
என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று
"வீட்டுக்காரருக்காம்மா?
குடும்பத்தினர் கூட்டம் பக்கத்து அறை" என்றார்.

இல்லை என்று சொல்ல இழுத்த மூச்சு
ஆமாம் என்று வெளியே போனது.

பக்கத்து அறையில் பதினான்கு பெண்கள்.
பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் இடித்தது.
கரும்பலகையில் அழிக்காமல் விட்ட வகுத்தல் கணக்கு,
மீதி மூன்று.
என் முறை வந்தபோது
எனக்கு ஒரு கணவன் பிறந்தான்.

(நிஜமாகக் கட்டியவர் காப்பிகூடக் குடிக்காதவர்.
ஆறு வருடமாக மதுரவாயலில்,
வேறொரு குடும்பத்தோடு.)

வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைப்பார் என்றேன்,
ஈரத் துணிக்கு அடியில்.
பல் தேய்க்கும் முன்பே ஒரு வாய்.
வாடைக்கு ஏலக்காய்.
ஸ்பிரைட் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே
செத்துப்போன அம்மாவின் படத்தில் அடித்த சத்தியம்.
எனக்காக அழுதார்கள்.
ஒரு பெண் தன் தலைப்பாலேயே
என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நான்கு புதன்கிழமை
அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.
வாரத்துக்கு வாரம் மோசமானான்.
நானும்.

ஐந்தாவது புதன் மழை.
எமிலி அக்கா குடையோடு நிறுத்தம்வரை வந்தார்.
"இருபத்திரண்டு வருசமா எங்க வீட்ல பாட்டில் தேடுறேன்.
எங்க இருக்குன்னு இவ்ளோ கரெக்டா
எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல, கண்ணு."

பஸ் வந்தது. போனது.
அடுத்ததும்.

மாவு மில் ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தார்:
சிந்தாதிரிப்பேட்டை, ஞாயிறு பதினொன்று, மாடி.
"அங்க ரெண்டு பொம்பளைங்க வர்றாங்க.
ஒருத்தி சண்டைக்காரி. பரவால்லியா?"

ஞாயிற்றுக்கிழமை.
சந்தடியில் மீன் கூடைகளைத் தாண்டித் தாண்டி
பாதி நனைந்த புடவையோடு வந்து நின்றேன்.
படிக்குக் கீழே செருப்புகள்.
எண்ணினேன். ஆண்கள் செருப்பு பதினாறு ஜோடி.
ஓரமாக, குதிகால் தேய்ந்த ஊதா நிறம் ஒன்று.
வார் அறுந்து ஊக்குப் போட்டது இன்னொன்று.
இதில் எது சண்டைக்காரியுடையது?
ஊக்காகத்தான் இருக்கும்.

மேலே மின்விசிறி கடகடத்தது.
யாரோ இருமினார்கள், யாரோ
அந்த இருமலுக்கே சிரித்தார்கள்.

என் செருப்பைக் கழற்றி
ஊக்குச் செருப்பின் பக்கத்தில் விட்டேன்.
"நீங்க இங்கயே இருங்க" என்று
இல்லாதவனிடம் சொல்லிவிட்டு
ஏறினேன்.

கை நடுங்கியது.
கைப்பிடி துரு,
ஆனாலும் அசையவில்லை.