எது எங்கே கிடைத்தது

கருவி முனகியபோது வெள்ளி என்றுதான் நினைத்தேன்.
அப்படி நினைக்காமல்
ஷ்ராப்ஷயர் மழையில் எவன் குனிவான்?

திருமதி பெடோஸின் மேய்ச்சல் சரிவு.
ஏர் படாத மண்.
ஒரு சாண் ஆழத்தில் வந்தது
சாம்பல் பூத்த ஒரு வில்லை,
கட்டைவிரல் நக அளவு, அருகருகே இரண்டு துளை.
ஈயம்.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
நான் இளிக்கவில்லை, வைதேன்.

இருட்டுவதற்குள் பதினொன்று.
ஒவ்வொன்றுக்கும் புல்லைச் சதுரமாக வெட்டி
மூடிபோல் தூக்கி, தோண்டி, எடுத்து,
திரும்ப மூடி மிதித்துவிட்டு வந்தேன்.
மிதிக்காமல் வந்து ஆட்டுக்கால் குழியில் சிக்கினால்
அடுத்த வருஷம் வேலிக்கதவு திறக்காது.
எல்லாம் ஒரே ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்.
குலுக்கினால் கிணுகிணுக்கவில்லை,
தொண்டை கட்டியவன்போல் பேசியது.

வலைக்குண்டு என்றான் பார்ஜெட்டர்.
இந்த மேட்டில் மீனா?
வெள்ளம் வந்திருக்கும் என்றான்.
அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வெள்ளம் உண்டு.
தக்ளியின் சக்கரம் என்றாள் அவன் மனைவி ஹெஸ்டர்.
தக்ளிக்கு நடுவில் ஒரு துளை போதுமே.
துணிமூட்டை முத்திரையோ?
எழுத்தும் இல்லை, கிரீடமும் இல்லை.

மாதம் ஒரு வியாழன்
லட்லோ அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருப்பாள் டாம்சின் ஆர்விக்,
தராசும் பூதக்கண்ணாடியும் ஆறிப்போன டீயுமாக.
ஒவ்வொன்றாக நிறுத்தாள்.
ஒன்பது கிராம். ஒன்பது. எட்டேமுக்கால். ஒன்பது.
துளையின் உள்விளிம்பைக் காட்டினாள்.
நூல் அறுத்த பள்ளம்.
"பாவாடையின் கீழ்மடிப்புக்குள் வைத்துத் தைத்தது.
காற்றில் எழும்பாமல் இருக்க."

காற்றுக்கா எடை கட்டினார்கள்?
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்காமல் கேட்டாள்:
"எது எங்கே கிடைத்தது?"

டப்பாவைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருஷமாகத் தோண்டுகிறேன்,
ஒரு பென்சிலா எனக்குக் கனத்துவிட்டது?
"வயலில்" என்றேன்.
'வயலில்' என்று எழுதிக்கொண்டாள்.
பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

மறுநாள் பால்பண்ணையில் இரவுப்பணி முடிந்து
நேரே அங்கே போனேன், கருவி இல்லாமல்.
சுற்றிலும் புல் பச்சை.
நான் வெட்டி மூடிய சதுரங்கள் மட்டும்
வேர் பிடிக்காமல் மஞ்சளித்துக் கிடந்தன.
காரில் கிடந்த கூடார ஆணிகளை எடுத்துவந்து
ஒவ்வொன்றிலும் ஒன்று நட்டேன்.
ஒன்பது தேறியது. மற்ற இரண்டும்
ஆடுகளின் குளம்புக்குப் போயிற்று.

மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால்
வட்டம்.
சரியான வட்டம் இல்லை, ஒரு பக்கம் சப்பி,
சரிவை நோக்கி இழுபட்டு,
இடுப்பிலிருந்து நழுவவிட்ட பாவாடை
காலடியில் விழுமே, அப்படி.
ஆணிக்கு ஆணி முக்கால் முழம்.
துணியை மண் தின்றது, நூலைப் புழு தின்றது.
காற்றுக்காகக் கட்டியது மட்டும்
இடம் மாறாமல் இருந்திருக்கிறது,
நான் வரும்வரை.

உலர்த்த விரித்தாளா, ஓடையில் இறங்கக் கழற்றினாளா,
ஓடும்போது தடுக்குகிறதென்று அவிழ்த்தெறிந்தாளா?
கொக்கி இல்லை, பொத்தான் இல்லை.
எலும்பும் இல்லை. அதை மூன்று முறை தேடிவிட்டு
மூன்று முறையும் நிம்மதியானேன்.

நாலுசக்கர பைக்கில் வந்து நின்றாள் திருமதி பெடோஸ்.
"என் நிலத்தில் சர்க்கஸ் கூடாரமா போடுகிறாய்?"
அவள் மழைக்கோட்டு படபடவென்று அடித்தது.
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் கோட்டின் கீழ்ப்பொத்தானைப் போட்டாள்.
பைக்கை நோக்கித் திரும்பியவள்
குறுக்கே போகாமல் ஆணிகளைச் சுற்றிக்கொண்டு போனாள்.
நானும் அதுவரை உள்ளே கால் வைக்கவில்லை என்று
அப்போதுதான் கவனித்தேன்.

பால் ரசீதின் பின்பக்கம் வரைந்தேன்,
தெரியாத இரண்டுக்கும் இடம் காலியாக விட்டு.
டாம்சினுக்கு அனுப்பினேன்.
நன்றி என்றோ அருமை என்றோ வரும் என்று பார்த்தால்
வந்தது ஒரே வரி:
"வடக்கு எந்தப் பக்கம்?"

நாளைக்குப் போக வேண்டும்.
மழை என்கிறார்கள்.