இருமுனைக் கொக்கி

புதன்கிழமை ஃபெரியில்
இடப்பக்கச் சன்னலோரம்தான் உட்காருவேன்.
அந்தப் பக்கம் கடல் மட்டும் இருந்தால் போதும்.
கடல் தோளைத் தட்டிக் கூப்பிடாது.

பதினேழு வருஷம் பட்டர்வொர்த் துறைமுகத்தில்
கிரேன் ஓட்டினேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரையில் குனிந்து
கீழே ஒரு பெட்டியின் நாலு மூலைக்கும்
நாலு பூட்டை இறக்குகிற வேலை.
ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாது.
கண்ணை எடுத்த மறுமாதம்
கேட்டில் லாரி நம்பர் எழுத உட்காரவைத்தார்கள்.
கோபமில்லை.
நம்பர்கள் தட்டையானவை.

முதலில் கண்ணுக்குள் ஒரு மச்சம் என்றார்கள்.
நம் ஆட்களுக்கு வருவதே அபூர்வமாம்,
நாலு நம்பர் அடித்தவனிடம் சொல்வதுபோல் சொன்னார்கள்.
மூன்று வருஷம் கழித்து
அதே கறுப்பு,
ஈரலில், ஐந்து இடத்தில்.

டாக்டர் இயோ காகிதத்தில் படம் போட்டார்:
ஒரு கயிறு, இரண்டு முனையிலும் கொக்கி.
ஒன்று உங்கள் ரத்தத்தின் காவல்காரனைப் பிடிக்கும்,
மற்றது அந்தக் கறுப்பை.
அவனுக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான்,
பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.
நான் சிரித்துவிட்டேன்.
ஸ்பிரெடர், டாக்டர், அதற்குப் பெயர் ஸ்பிரெடர்.

ரத்தம் பொருந்தவேண்டும்.
ஏ, பி, ஓ இல்லை, அதற்கும் அடியில் வேறொரு முத்திரை.
எனக்குப் பொருந்தியது.
அதே வாரம் சோதித்த
நிபோங் திபால் ஆசிரியை கமலவேணிக்குப் பொருந்தவில்லை.
வராந்தாவில் அவர்தான் எனக்குக் கை கொடுத்தார்.
அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல்
வீடுவரைக்கும் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

முதல் மருந்து ஏறிய இரவு
கட்டில் கடகடவென்று ஆடியது.
தோல் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசிய எரிச்சல்.
தாதி ஹஸ்லினா மணிக்கொரு தரம் வந்து பார்த்தாள்.
"வரும்னு சொன்னோமே அங்கிள்,
உள்ளே ஷிப்ட் ஆரம்பிச்சிருச்சு."

ஒன்பதாம் வாரம் வலது புருவம் வெளுத்தது.
பிறகு இமைமுடி.
பிறகு கழுத்து மச்சத்தைக் காணோம்.
மருந்துக்கு
நல்ல கறுப்பு, கெட்ட கறுப்பு தெரியாதாம்.
மோகனாம்பாள் மைப்பென்சிலை நீட்டினாள்,
வேண்டாமென்றேன்.
தூங்கியதும் அவளே வரைந்துவிட்டாள்.
கேட்டில் ஒரு லாரிக்காரன்
என்னைப் பார்த்து விசிலடித்தான்.

ஸ்கேனில் மூன்று அப்படியே இருக்கின்றன.
ஒன்று சுருங்கியிருக்கிறது.
ஐந்தாவதைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது
துறைமுகத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள்.
மூன்றாம் கிரேனில் யாரோ புதுப் பையன்
பெட்டிக்கு மேலே ஸ்பிரெடரை நிறுத்தி
இறக்காமல் தயங்குகிறான்.
எவ்வளவு தூரம் பாக்கி என்று
இங்கிருந்து எனக்குத் தெரியாது.
இருந்தாலும் வாய்க்குள் சொல்கிறேன்:
கொஞ்சம் இடது.
இன்னும் கொஞ்சம்.
இறக்கு.