ஆன்றோவுக்கு மாத்திரை

வாணியக்குடி மெடிக்கலில்
காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினால்
முதலில் வருவது நோயல்ல, பெயர்.

'எக்கா, ஐஸ் பிளாண்ட் தடுமன்' என்பான்
மீன் பெட்டிக்கு ஐஸ் அள்ளும் பிரபின்.
அது மூக்கைத் தாண்டி இறங்காது,
மூணு மஞ்சள் மாத்திரையோடு சரி.
குடில் கட்டும் பையன்களுக்கு டிசம்பரில்
வைக்கோல் இருமல்.
ஜூன் மாதத்துப் பள்ளிக்கூடச் சளி
ஒண்ணாம் வகுப்பில் தொடங்கி
டீச்சரில் முடியும்.
திருநாள் கொடி இறக்கிய மறுநாள் வருவது
வாணவேடிக்கை,
ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் வெடிக்கும்.
மேட்டுப்பக்கத்து ரப்பர் வெட்டுக்காரர் மட்டும்
'ரெண்டு நாளாப் பனி' என்பார்.
புதிதாய் வந்த தர்மபுரி டாக்டர்
'பனியில ஏன் போறீங்க, குல்லா போடுங்க' என்று
காய்ச்சலோடு அவரைத் திருப்பி அனுப்பினார்.
கடைசியில் நான்தான் போய்
அவருக்குத் தமிழிலிருந்து தமிழுக்குச் சொன்னேன்.

ஆகஸ்டில் என் மாப்பிள்ளை
மஸ்கட்டிலிருந்து இருபத்தொரு நாள் லீவில் வந்தான்.
வரும்போதே தும்மல்.
ஏசி என்றான். பிறகு தூசி என்றான்.
பெட்டியைப் பிரிக்கும் முன்னே
ஏலக்கூடத்துக்குப் போய்
அகப்பட்டவனையெல்லாம் கட்டிப்பிடித்தான்.
மூணாம் நாள் எதிர்வீடு.
அஞ்சாம் நாள் பாடகர் குழு,
ஞாயிறு பூசையில் கீபோர்டு மட்டும் பாடியது.
அடுத்த ஞாயிறு சாமியார்
பிரசங்கத்தைப் பாதியில் இருமிவிட்டு
'மீதி வீட்டில் வாசியுங்கள்' என்றார்.

யார் முதலில் சொன்னார்களோ,
நான் கேட்டது ஷெர்லின் வாயால்.
'எக்கா, எனக்க பிள்ளைக்கு ஆன்றோ பிடிச்சிருக்கு.'
ஒரு நொடி விளங்கவில்லை.
பிறகு காது சுட்டது.
சிரப்பை எடுத்துக் கொடுத்தேன்,
இருபது ரூபாய் மிச்சம் கூடுதலாகவே கொடுத்திருக்கிறேன்.

ஒரு வாரத்தில் அதற்கு நாக்குப் பழகிவிட்டது.
லேசா ஆன்றோ.
ஆன்றோ முத்திப்போச்சு.
தலைய நனைக்காதே, ஆன்றோ திரும்பி வரும்.
எக்கா, ஆன்றோவுக்கு ஆறு மாத்திரை குடு,
அம்மைக்கும் சேத்து.

அவனுக்கு அதில் பெருமை.
'புயலுக்குத்தான் பேரு வைப்பாவ,
பாரு, எனக்க பேர வச்சாச்சு' என்று
நல்லமிளகு தட்டிப்போட்ட சுக்காப்பியை
ஊதி ஊதிக் குடித்தான்.

எனக்கு மட்டும் வரவில்லை.
ஒரே பாய், ஒரே தம்ளர்,
அவன் இருமினால் என் தலைமுடி அசையும்.
தொண்டையில் ஒரு கீறல்கூட இல்லை.
'ஊருக்கெல்லாம் பிடிச்சிருக்கு,
ஒனக்கு மட்டும் என்னப் பிடிக்கல்லே' என்றான்.
தலையணையால் அடித்தேன்.

இருபத்தொன்றாம் நாள்
திருவனந்தபுரம் டாக்சியில் ஏறினான்.
அந்த வாரமே ஊரும் தெளிந்தது.
கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து
ஆளாளுக்கு நல்ல சேதி:
'ஆன்றோ போயாச்சு எக்கா.'
'எங்க வீட்டுலயும் விட்டுட்டு.'
'அப்பாடா, இனி ஒறங்கலாம்.'
'சரி' 'சரி' என்று
பில் புத்தகத்தில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நவம்பர், விடாத மழை.
வேறு ஏதோ கிளம்பியிருக்கிறது.
இது தொண்டையில் தொடங்கி முழங்காலுக்குப் போகிறது,
அவனுக்கு முழங்கால் வலித்ததே இல்லை.
ஆனாலும் கேட்பவர்கள்
பழைய பெயரைத்தான் சொல்லிக் கேட்கிறார்கள்.
நானும் திருத்துவதில்லை.
ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை
யாராவது அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு
வாசலேறி வருகிறார்கள்.

நேற்று ராத்திரி எனக்கே வந்துவிட்டது.
அட்டையிலிருந்து நாலு மாத்திரை கத்தரித்து
என் கணக்கில் எழுதிவிட்டு வந்து படுத்தேன்.
போனில் கேட்டான்:
'என்ன பிள்ளே, சத்தம் அடைச்சிருக்கு?'
'நீர்தோஷம்' என்றேன்,
மருந்து டப்பாவில் அச்சடித்ததை வாசிப்பதுபோல.
சிரித்தான். சிரிப்பு இருமலாகி
ரொம்ப நேரம் ஓடியது.
அந்த அறையில் ஆறு பேர்,
அடுக்குக் கட்டில், ஒரே ஜன்னல்.
அங்கே அதை யார் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று
கேட்க மறந்துபோனேன்.