ஆமென் சொல்லாத ஞாயிறு

விடியக்காலம் மூன்று மணிக்கு
கதவைத் திறந்து கையை நீட்டுவேன்.
உள்ளங்கை நனையாவிட்டால் அன்றைக்குக் கூலி உண்டு.
நனைந்தால்
தலைவிளக்கை ஆணியில் மாட்டிவிட்டு
மறுபடியும் படுக்கலாம்.
தூக்கம் மட்டும் வராது.

பொன்மனைத் தோட்டத்தில் முந்நூற்று இருபது மரம் எனக்கு.
கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்கு நோவு,
ஒரு நூல் குறைந்தால் முதலாளிக்கு நோவு.
வெட்டிய மரத்துக்குத்தான் கணக்கு.
வெட்டாத நாள் நோட்டில்
வெறும் கோடு.

நேசையனுக்கு வேறு வானம் வேண்டும்.
சுருளகோட்டில் குத்தகைக்கு ஒரு துண்டு வயல்,
அறுநூறு ஏத்தன்,
ஓணத்துக்கு வெட்டவேண்டிய குலை.
வாழை பச்சைப்பிள்ளை மாதிரி என்பார்,
குடிக்கக் கேட்டால் அப்போதே கொடுக்கணும்.

இந்த வருஷம் இடவப்பாதி
பெயரை மட்டும் அனுப்பியது.
ஆனி பாதி ஆயிற்று, மலைமேல் ஒரு கறுப்பு இல்லை.
சானலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள்,
எங்கள் முறை வருமுன் ஷட்டர் இறங்கிவிட்டது.
ஓடையில் மீதமிருந்த முழங்கால் தண்ணீரை
மோட்டார் வைத்து இறைத்தார்.
டீசலுக்கு என் வெட்டுக்கூலி.
அந்த மாதம் நோட்டில் ஒரு கோடுகூட இல்லை.
மழை வராததால் கிடைத்த பணம்
மழை வராததற்கே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போதகர்
மழைக்காக முழங்காலிடச் சொன்னார்.
சபை முழுக்கச் சேலைகள் சரசரத்தன.
பக்கத்துப் பெஞ்சில் நேசையன்
நெற்றி தரையில் பட அழுதார்.
நானும் முழங்காலிட்டேன்.
பள்ளிக்கூட பீஸ், சீட்டுப்பணம், டீசல் பாக்கி
எல்லாம் கூடவே முழங்காலிட்டன.
எல்லாரும் ஆமென் சொன்னபோது
உதட்டை மட்டும் அசைத்தேன்.

ஆடி ஆறாம் தேதி வந்தது.

நூற்றுப் பன்னிரண்டாவது மரத்தில் நின்றிருந்தேன்.
முதல் சொட்டு கத்தியில் விழுந்தது,
அடுத்தது கண்ணில்.
ரப்பர் விலை இறங்கியதால் இந்த வருஷம்
மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டவில்லை முதலாளி.
பட்டை வழியே இறங்கிய மழை
பாலைச் சிரட்டைக்குப் போகவிடாமல் வழிமறித்தது.
நிறைந்த சிரட்டைகள் வெளியே கொட்டின.
என் காலடியில் வெள்ளையாய் ஒரு சின்ன ஆறு
கீழே சுருளகோட்டுப் பக்கம் ஓடிற்று.

வீட்டில் நேசையன் முற்றத்தில் நின்று நனைந்துகொண்டிருந்தார்.
இருபது வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பு பார்த்ததில்லை.
கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன்.
வாளி காலி என்று சொல்லவில்லை.

மூன்று நாள் சிரித்தார்.
நான்காம் நாள் ராத்திரி காற்று.
ஓடு ஒவ்வொன்றாய் எழும்பி உட்கார்ந்தது.
முட்டு கொடுத்த கம்போடு சேர்ந்து
வாழை ஒடியும் சத்தம்
இரண்டு மைல் தாண்டிக் கேட்காது.
அவருக்குக் கேட்டது.
ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கினார்.

காலையில் எண்ணினோம்: நூற்று நாற்பத்தெட்டு.
முக்கால் விளைச்சல் குலை, கிலோ எட்டு ரூபாய்,
அதுவும் வண்டிக்காரர் மனசு வைத்தால்.
கணக்கெடுக்க வந்த பையன் செருப்பைக் கையில் பிடித்து
வரப்பில் நின்று கேட்டான்,
பட்டா யார் பெயரில்?
குத்தகை என்றோம்.
பேனாவை மூடினான். பாவம், அவனும் நனைந்திருந்தான்.

பன்னிரண்டு கோடு விழுந்துவிட்டது நோட்டில்.
ஏத்தங்காய்த் துவரன், ஏத்தங்காய்க் கூட்டு,
தோலையும் பயறோடு வேகவைத்தேன்.
பிள்ளைகள் வாழை என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போகின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி
அவரிடம் சொல்லவா என்று நினைப்பேன்.
கேட்டால் சிரிப்பார், அல்லது சிரிக்கமாட்டார்.
என் ஒரு ஆமென் குறைந்ததற்கு
இவ்வளவு காற்றா?

இன்று மூன்று மணிக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.
இருட்டில் அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.
எப்படி? என்றேன்.
தூறல்தான், என்றார்,
நிற்கிற மாதிரி இருக்கு.
பிறகு மெதுவாய்,
நின்றால் உனக்கு வெட்டு உண்டா?

தலைவிளக்கில் பேட்டரி இருக்கிறதா என்று
அழுத்திப் பார்த்தேன்.
அவர் கையில் மூன்று துளி.
நான்காவது விழுகிறதா என்று
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.